முத்திரை குத்தும் கை

உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் ஆறு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் மேல்சாதி, மூன்று பேர் தலித். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்கட்டு, அதில் 15 புதிர்ப்பாதைகள். முட்டுச்சந்துகளில் மாட்டாமல் கோடு போட்டு மறுபக்கம் வர வேண்டும். நேரம் 15 நிமிடம். முடித்த பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய். சில குழுக்களுக்கு இவ்வளவுதான் சொன்னார்கள். வேறு சில குழுக்களில், தொடங்குவதற்கு முன்னால், நடத்துபவர் ஒவ்வொரு பையனையும் பார்த்து அவன் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் காதுபட வாசித்தார். சரியென்றால் தலையை ஆட்டு என்றார். பையன் தலையை ஆட்டினான்.

பொருளாதார அறிஞர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த இந்தச் சோதனை 2004-ல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக வந்தது. 321 மேல்சாதி மாணவர்கள், 321 தலித் மாணவர்கள் கலந்துகொண்டார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு பாதைகளை முடித்தார்கள். சாதியை வாய்விட்டுச் சொன்னதும் தலித் பையன்கள் முடித்த எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. அதே வயது, அதே தாள், அதே ஒரு ரூபாய்.

இந்த முடிவை மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும் எவரையும் இது உலுக்கும். சொல்பவர்கள் பெரும்பாலும் உடனே ஒரு விளக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள்: தலைமுறை தலைமுறையாகச் சுமத்திய இழிவு அந்தப் பையனின் மனசுக்குள்ளேயே இறங்கிவிட்டது, சாதிப் பெயரைக் கேட்டதும் அவனே தன்னைக் குறைத்துக்கொள்கிறான் என்று. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் விளக்கம்தான். ஆனால் அதை ஏற்றால் நோய் பையனுக்குள் இருக்கிறது என்றாகிறது, மருந்தையும் அவனுக்கே கொடுக்க வேண்டியதாகிறது. கடந்த ஒரு நூற்றாண்டு ஆய்வுகளை வைத்துப் பார்க்கும்போது இந்த விளக்கம் நிற்குமா என்பதைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

முதலில் முன்முடிவுகள் எப்படி உருவாகின்றன என்ற கேள்வி. மனிதர்கள் நேரில் பார்த்ததைவிடத் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் படங்களை வைத்தே உலகத்தை எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் எழுதினார். அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சோதனையில் காட்டியவர்கள் பிறகு வந்தார்கள். அந்தச் சோதனைகளில் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் இருவரும் 1976-ல் செய்தது மிக எளிமையானது, மிக நுட்பமானதும்கூட.

பங்கேற்றவர்களுக்கு 39 வாக்கியங்கள் காட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மனிதன் செய்த காரியத்தைச் சொல்லும். அவன் 'அ' குழுவைச் சேர்ந்தவனா 'ஆ' குழுவைச் சேர்ந்தவனா என்பதையும் சொல்லும். 'அ' குழுவுக்கு 18 நல்ல காரியம், 8 கெட்ட காரியம். 'ஆ' குழுவுக்கு 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே விகிதம். 'ஆ' குழு ஆள் எண்ணிக்கையில் பாதி, குணத்தில் கடுகளவும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் பங்கேற்றவர்களிடம் பிறகு கேட்டபோது கெட்டதை 'ஆ' குழுவின் தலையில் கூடுதலாக ஏற்றினார்கள். அரிதான கூட்டம், அரிதான செயல், இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது மனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இது பிறகு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட விளைவு.

நம் நாளிதழைப் புரட்டினால் இதன் வேலையைக் காணலாம். உள்ளூர்க்காரர் திருடினால் 'வாலிபர் கைது'. வேலைக்கு வந்த பீகார்க்காரரோ ஒடிசாக்காரரோ திருடினால் 'வடமாநில வாலிபர் கைது'. தலைப்பு எழுதியவருக்கு வன்மம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பவர் மனதில் ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த ஆய்வு உறுதியானது. ஆனால் முழு விளக்கம் என்று இதை எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கைதான் காரணம் என்றால் சிறிய கூட்டம் எல்லாமே கெட்ட பெயர் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. நிலத்தையும் படிப்பையும் கையில் வைத்திருந்த, ஆள் எண்ணிக்கையில் சிறுத்த சாதிகளுக்குக் கிடைத்தது 'புத்திசாலிகள்' என்ற பட்டம். எந்தக் கூட்டத்துக்கு எந்தக் குணம் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஞாபகத்தின் கோளாறு மட்டும் தீர்மானிப்பதில்லை.

இந்த ஓட்டையை அடைப்பது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஆய்வு. 1990-ல் கர்ட் ஹாஃப்மன், நான்சி ஹர்ஸ்ட் இருவரும் ஒரு கற்பனைக் கிரகத்தை உண்டாக்கினார்கள். அதில் இரண்டு கூட்டம். ஒன்றில் பெரும்பாலோர் நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள், மற்றதில் பெரும்பாலோர் பிள்ளை வளர்ப்பவர்கள். தனித்தனி ஆட்களின் குணங்களையும் பட்டியலாகக் கொடுத்தார்கள். அதில் இரு கூட்டத்துக்கும் எந்த வித்தியாசமும் வைக்கவில்லை. படித்தவர்களோ வேலைக்குப் போகும் கூட்டம் துணிச்சலானது, பிள்ளை வளர்க்கும் கூட்டம் கனிவானது என்று முழுக் கூட்டத்துக்கும் குணம் எழுதிவிட்டார்கள். இவர்கள் ஏன் இந்த வேலை செய்கிறார்கள் என்று முதலில் யோசிக்கச் சொன்னபோது அது இன்னும் அழுத்தமானது. இரண்டும் பிறப்பிலேயே வேறு வேறு இனம் என்று சொல்லிவைத்தபோதும் அப்படியே.

பிறப்பால் பிரித்து, பிரிவுக்கு ஒரு வேலையைக் கட்டிவைத்து, பிறகு அந்த வேலைக்கு ஏற்ற குணம் அவர்களுக்கு இயல்பிலேயே இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாட்டை நாம் வேறு கிரகத்தில் தேட வேண்டியதில்லை. முன்முடிவு என்பது தப்பாகப் பார்ப்பதால் மட்டும் வருவதில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு பங்கீட்டுக்குக் காரணம் சொல்லவும் அது வருகிறது. உருவாகும் விதம் குறித்த ஆய்வுகளில் இதற்கே அதிக எடை கொடுப்பேன். மற்றவை மனம் எப்படி வழுக்குகிறது என்று காட்டுகின்றன. இது எந்தப் பக்கம் வழுக்குகிறது என்றும் காட்டுகிறது.

இனி பாதிப்பு. இங்கேதான் வழக்கு சூடுபிடிக்கிறது.

கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995-ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் கடினமான மொழித் தேர்வு ஒன்றை வைத்தார்கள். 'இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு' என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். 'இது வெறும் ஆய்வுக்கான பயிற்சி' என்றபோது அந்தப் பின்னடைவு சுருங்கியது. தன் இனத்தைப் பற்றிய கெட்ட பெயரைத் தானே மெய்ப்பித்துவிடுவோமோ என்ற பதற்றம் மூளையைத் தின்கிறது என்பது அவர்கள் விளக்கம். முத்திரை அச்சம் என்று இதைச் சொல்லலாம். அடுத்த இருபதாண்டுகளில் இது சமூக உளவியலின் மிகப் புகழ்பெற்ற கருத்துகளில் ஒன்றாகி, பாடப்புத்தகத்திலும் பயிற்சிப் பட்டறையிலும் நீதிமன்ற வாதங்களிலும் ஏறியது.

முதல் விரிசலை 2004-ல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஸ்டீல், ஆரன்சன் வரைபடத்தில் இரு இனங்களும் சமமாகத் தெரிவது, மாணவர்களின் பழைய நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கழித்த பிறகு. அதாவது முன்பே இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அச்சம் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுகிறது என்பதே அந்த ஆய்வு சொன்னது. பத்திரிகைகளும் பாடநூல்களும் பல நேரம் இதை 'அச்சத்தை எடுத்தால் இடைவெளியே மறைந்துவிடும்' என்று எழுதிவிட்டன. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் வாசிப்பில் பள்ளிக்கூடமும் வறுமையும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. இரண்டாம் வாசிப்பில் விடுதலையாகி வெளியே போய்விடுகின்றன.

இரண்டாவது அடி பெரியது. பெண்களுக்குக் கணிதம் வராது என்ற முத்திரையை வைத்து நெதர்லாந்தில் 2,064 உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியரிடம் பாலெட் ஃப்ளோரேயும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். என்ன தேடுகிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுச் செய்த ஆய்வு அது. 2018-ல் வெளிவந்த முடிவு: முத்திரையை நினைவூட்டியதால் மாணவிகளின் மதிப்பெண் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற நளினி அம்பாடி 1999-ல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வுக்கும் இதே சோதனை வந்தது. ஆசிய-அமெரிக்கப் பெண்களுக்குத் தாங்கள் ஆசியர் என்று நினைவூட்டினால் கணிதம் ஏறுகிறது, பெண் என்று நினைவூட்டினால் இறங்குகிறது என்றது அந்த ஆய்வு. 2014-ல் இரண்டு இடங்களில் திரும்பச் செய்தார்கள். ஓரிடத்தில் ஓரளவு வந்தது, மற்றதில் வரவில்லை.

இதை வைத்து அந்தப் பதற்றமே கற்பனை என்று சொல்பவர்களை நான் மறுக்கிறேன். தன் சாதியை அல்லது நிறத்தை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வோடு தேர்வு அறையில் உட்கார்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது, ஆய்வுக்கூடத்துக் கணக்கைக் காட்டி அவர்கள் வாயை அடைப்பது அநியாயம். ஆனால் மதிப்பெண் இடைவெளிக்கு இதுதான் பெரிய காரணம் என்ற வாதம் சான்றின் பலத்தில் தோற்றுவிட்டது. ஒரு வாக்கியம் சொல்லி உண்டாக்கிவிடலாம், ஒரு வாக்கியம் சொல்லி நீக்கிவிடலாம் என்ற அளவுக்கு லேசான ஒன்றாகப் பாகுபாட்டைக் காட்டியது அதன் கவர்ச்சி. அதுவே அதன் பலவீனமும்.

அப்படியானால் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ஏன் பின்தங்கினார்கள்? அந்த ஆய்வில், மேடைப் பேச்சுகளில் விட்டுப்போகிற ஒரு பகுதி இருக்கிறது. ஹாஃபும் பாண்டேயும் சில குழுக்களில் பரிசு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கலிடம் விட்டார்கள். மனிதர் கை படாத ஒரு வழி. சாதியை அறிவித்த பிறகும் அந்தக் குழுக்களில் இடைவெளி மறைந்துவிட்டது.

இதன் மேல் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதிப் பெயரைக் கேட்டதும் பையனின் தன்னம்பிக்கை நொறுங்கியது என்றால், குலுக்கல் வைத்தாலும் நொறுங்கியபடிதானே இருக்க வேண்டும்? மூளை குழம்பியது என்றால் குலுக்கலைப் பார்த்து அது எப்படித் தெளியும்? பரிசைத் தீர்மானிப்பது மனிதரா சீட்டா என்பதைப் பொறுத்து உழைப்பு மாறுகிறது என்றால், அவன் வேறு ஏதோ கணக்குப் போடுகிறான் என்று அர்த்தம். என் சாதியை இத்தனை பேர் முன்னால் வாசித்தவர் எனக்கு ஒழுங்காகக் கூலி கொடுப்பாரா என்ற கணக்கு. அது மனநோய் அல்ல. தன் ஊரை அறிந்த பையனின் நிதானமான தீர்ப்பு. ஆய்வாளர்கள் தாங்களும் இந்த அவநம்பிக்கையின் பக்கமே கை காட்டினார்கள். ஒரே ஓர் ஆய்வு, ஒரு வட்டாரம், பையன்கள் மட்டும் என்ற வரம்புகள் உண்டு. இருந்தும் இரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டும்படி அமைத்த சோதனை என்பதால் இதற்குத் தனி மதிப்புக் கொடுக்கிறேன்.

அந்தப் பையனின் அவநம்பிக்கை நியாயமானதுதானா? இதற்குப் பதில் சொல்ல அவன் மனதை விட்டுவிட்டு, தாள் திருத்துபவரின் மேசைக்குப் போக வேண்டும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் அங்கேதான் போனார்கள். அவர்கள் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இந்தியாவில் பிள்ளைகளுக்குப் பரிசுப் போட்டித் தேர்வு ஒன்றை நடத்தி, 120 ஆசிரியர்களை விட்டுத் திருத்தச் சொன்னார்கள். விடைத்தாளின் முகப்பில் வயது, ஆணா பெண்ணா, சாதி எல்லாம் இருந்தன. ஆனால் அவை அந்தத் தாளை எழுதிய பிள்ளையின் விவரங்கள் அல்ல. குலுக்கல் முறையில் ஒட்டியவை. எனவே தாளின் தரத்துக்கும் முகப்பில் இருந்த சாதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தலித், பிற்பட்டோர் என்று முகப்பிட்ட தாள்கள் சராசரியாகக் குறைவான மதிப்பெண் வாங்கின. குறைவு சிறியது: திட்ட விலக்கத்தில் 0.03 முதல் 0.08 வரை.

சிறியதுதானே என்று கடந்துபோகிறவர்கள் நம் ஊர் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்ததில்லை. அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறுகிறது, கால் மதிப்பெண்ணில் பாடப்பிரிவு மாறுகிறது. இது ஒரே ஒரு தாளில் நடப்பதும் அல்ல. ஒன்றாம் வகுப்பு தொடங்கி ஒவ்வொரு தாளிலும் இந்தச் சிறு துண்டு வெட்டப்பட்டுக்கொண்டே வந்தால் பன்னிரண்டு ஆண்டில் என்ன மிஞ்சும்?

இதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் அந்த ஆய்வில் உண்டு. ஒன்று சங்கடமானது. மேல்சாதி ஆசிரியர்கள் வித்தியாசம் காட்டியதாகத் தெரியவில்லை. குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் தாங்களே கீழே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள். இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, அவர்களுக்கு அவர்களே எதிரி' என்று சிலர் கிளம்புவார்கள். அது மலிவான வாதம். முன்முடிவு ஒரு சாதியின் தனிச்சொத்து அல்ல. ஒரே காற்றைச் சுவாசிக்கிற எல்லோருக்குள்ளும் போகிறது. வெறுப்பு இருந்தால்தான் பாகுபாடு இருக்கும் என்ற நம் வசதியான நம்பிக்கையை இது தகர்க்கிறது. வெறுப்பில்லாத, நல்லவரான, அதே சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியரின் சிவப்புப் பேனாவிலும் அது ஓடுகிறது.

இரண்டாவது, கட்டில் முதலில் திருத்திய தாள்களில்தான் இந்தச் சாய்வு அதிகம். விடைகளின் பொதுத்தரம் என்னவென்று பிடிபடாத நேரத்தில் ஆசிரியரின் கண் முகப்புக்குப் போகிறது. தரம் பிடிபட்ட பிறகு விடையையே பார்க்கிறார். அளவுகோல் மங்கலாக இருக்கும் இடத்தில் முன்முடிவு அளவுகோலாகிவிடுகிறது.

பள்ளியைத் தாண்டினாலும் படம் பெரிதும் மாறவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டேவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்திய நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எதிர்த்தரப்புச் சான்றையும் வைக்க வேண்டும்: அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட தில்லி ஆய்வில் மென்பொருள் வேலைகளுக்கு இப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை, கால் சென்டர் வேலைகளில்தான் தெரிந்தது. திறமையைக் கைமேல் காட்டச் சொல்லும் வேலையில் பெயருக்கு மவுசு குறைகிறது, பேச்சு, பழக்கம், தோற்றம் என்று மங்கலாக மதிப்பிடும் வேலையில் கூடுகிறது என்று நான் இதை வாசிக்கிறேன். விடைத்தாள் கட்டில் பார்த்ததும் இதே சாயல்தான்.

ஆக என் தீர்ப்பு இது. முன்முடிவின் பாதிப்பு முதன்மையாகப் பாதிக்கப்பட்டவரின் மனதில் நடப்பதாகக் காட்டும் சான்று நலிந்தது. மதிப்பிடுபவரின் கையில் நடப்பதாகக் காட்டும் சான்று வலுவானது. பாதிக்கப்பட்டவரின் மனதில் நடப்பதும்கூடப் பெரும்பகுதி அந்தக் கையைப் பற்றிய சரியான கணிப்பு. தன்னம்பிக்கை வகுப்பு நடத்தி அந்தப் பையனைத் திருத்தக் கிளம்புவது, தப்பான ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது.

இதை வைத்து இன்னொரு குறுக்கு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சாதியைச் சொன்னால்தானே பிரச்சினை, இடஒதுக்கீட்டையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துவிட்டால் முத்திரையும் போய்விடும் என்கிறார்கள். ஹாஃப், பாண்டே ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. குலுக்கல் குழுவிலும் சாதி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் இடைவெளி இல்லை. கெடுத்தது சாதி தெரிந்தது மட்டுமல்ல. சாதி தெரிந்த ஒரு மனிதரின் விருப்பத்துக்குப் பலன் விடப்பட்டது என்ற எண்ணம். உரிமைப் பட்டியலில் சாதி இருப்பதும் வகுப்பறை நடுவே சாதி ஒலிப்பதும் ஒன்றல்ல.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்ற பரிந்துரைகள் செய்தியில் அடிபட்டன. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது என்பவை அவ்வளவு பேசப்படவில்லை. மேலே சொன்ன சான்றுகளோடு நேராகப் பொருந்துபவை இவைதான். 'ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு, எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க' என்று வகுப்பில் சொன்ன குரலை மறக்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். உதவித்தொகை உரிமை. எழுந்து நிற்க வைத்தது உரிமை அல்ல.

மனம் மாறாதா என்ற கேள்விக்கு ஓரளவு நம்பிக்கை தரும் பதிலும் இருக்கிறது. வெவ்வேறு கூட்டத்தார் சமமாகச் சேர்ந்து ஒரே இலக்குக்கு உழைத்தால் முன்முடிவு தளரும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னார். மாட் லோ உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரை ஆய்வில் சேர்த்து, அவர்களில் பலரை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது, ஒரு நிபந்தனையோடு: ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது, எதிரணியில் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை, குறையவும் செய்தது. ஒரே வளாகத்தில் போட்டுவைத்தால் போதும் என்று நினைக்கிற பள்ளிகளுக்கு இது எச்சரிக்கை. ஆனால் நட்பு வளரும்வரை மதிப்பெண் காத்திருக்க முடியாது.

பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவதை எந்த ஆசிரியரும் தன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே மாணவருக்குச் செய்முறைத் தேர்வில், இன்டர்னலில், வைவாவில் முகத்தைப் பார்த்து, பெயரைப் படித்து, ஊரையும் விசாரித்து மதிப்பெண் போடுகிறோம். சீர்திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வைவாவில் தனி ஒருவர் கையில் முழு மதிப்பெண்ணும் இருக்கக் கூடாது. வகுப்புத் தேர்வுத் தாளிலும் பெயருக்குப் பதில் எண் போதும். இதற்கெல்லாம் துறையின் உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் இந்தக் காலாண்டுத் தேர்விலேயே செய்யலாம்: கட்டில் முதலில் திருத்திய பத்துத் தாளைத் தனியாக வைத்து, கடைசித் தாளை முடித்த பிறகு, முகப்பைப் பார்க்காமல் அவற்றை மறுபடி ஒருமுறை திருத்துவது.